வீட்டிலிருந்து கற்கும் வணிக நிருவாகப் பட்டம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் கொடுக்கப்பட்ட பொருள் இணையவழியிற் பயிலும் வணிக நிருவாகப் பட்டப்படிப்பு. பொருளின் பெயரைச் சொன்னவுடனேயே பெரியோர் சிலர் முகத்தில் ஒரு வினா எழுவதைக் காண்கின்றோம். கைத்தொலைபேசியைப் பார்த்தவண்ணம் மூலையில் உட்கார்ந்திருப்பதும் ஒரு படிப்போ என்பதே அவ்வினா. நியாயமான வினாதான். அதே கருவியிற் படமும் பார்க்கலாம், பாட்டுங் கேட்கலாம். பிள்ளை எதைச் செய்கின்றான் என்று தூரத்திலிருந்து அறிய வழியில்லை. ஆதலின் முதலில் இதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்வோம்.

கலாசாலையின் வாயிலை மிதியாது பட்டம் பெறுதல் கைத்தொலைபேசி கொண்டுவந்த புதுமையன்று. இலண்டன் சர்வகலாசாலை 1858 ஆம் ஆண்டிலேயே தன் பரீட்சைகளை வெளியாருக்குத் திறந்து, எங்கிருந்து படித்தவரும் தோற்றலாம் என விதித்தது. 1921 இற் கொழும்பிலே திறக்கப்பெற்ற சர்வகலாசாலைக் கல்லூரியின் மாணவரும், 1942 இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றும் வரை, அந்த இலண்டன் பட்டத்துக்கே படித்தனர். அக்காலத்துப் பட்டதாரி என்று நாம் மதிப்போடு பெயர் சொல்லும் பலர் இவ்வகையில் வெளிவாரிப் பட்டதாரிகளே. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்துகொண்டே தென்னாபிரிக்கச் சர்வகலாசாலையின் சட்டப் பட்டத்தை 1989 இற் பெற்றார். அச்சர்வகலாசாலை 1946 முதல் தபால் மூலங் கற்பித்து வந்தது. நம் நாட்டில் 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் நாவலையில் இருந்தாலும், ஹற்றனில் ஒரு கற்கை நிலையம் உண்டு. தபாற்காரர் கொண்டுவந்த பாடம் இன்று கம்பியில்லாமல் வருகின்றது, வேறுபாடு அவ்வளவே.

நமது தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் ஆரம்பமாயிற்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாங்குவோரும் தரகரும் ஒரே மண்டபத்திற் கூடி, கூவி விலை கேட்டு வந்தார்கள். 2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், அந்த ஏலமே இணையவழிக்கு மாறிற்று. இப்பள்ளத்தாக்கிற் பறித்த கொழுந்து இணையத்திலே விலை போகலாம், பறித்தவர் மகள் இணையத்திலே படிக்கலாகாது என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

இனி, படிப்புகள் பல இருக்க வணிக நிருவாகத்தை ஏன் எடுத்தோம்? வங்கியில் உத்தியோகம் கிடைக்கும், கம்பனியில் நல்ல சம்பளங் கிடைக்கும் என்பன எல்லாரும் சொல்லும் காரணங்கள். அவை உண்மையே. ஆயினும் பொகவந்தலாவையில் இருந்து பேசுகின்ற நமக்கு அவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு.

மூத்தோர் சிலர் தங்கள் பாட்டன்மார் வாயிலாகத் 'துண்டு' என்பதைக் கேட்டிருப்பீர்கள். கங்காணி தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக வேண்டுமானால், இவ்வளவு கடன் உண்டு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்குஞ் சீட்டே துண்டு. அந்தக் கடனுள் அடங்கியிருந்தவை ஆட்கள் வாங்கிய முற்பணம், கப்பற் செலவு, வழிச்செலவு, அரிசிக் கணக்கு, இவற்றோடு அவர்கள் வாங்காதனவும். எழுதியவனுக்கு வாசிக்கத் தெரியும். எவன் பெயரில் எழுதப்பட்டதோ அவனுக்குத் தெரியாது. 1921 இலே சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது. கொழும்பிலே சர்வகலாசாலைக் கல்லூரி திறந்ததும் அதே ஆண்டுதான் என்பதை நினைக்கும்போது, ஒரே தீவில் இரண்டு உலகங்கள் இருந்தமை தெரிகின்றது. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்டங்களின் பொறுப்பிலேயே கிடந்தன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசாங்கம் அவற்றைக் கையேற்கத் தொடங்கிற்று.

நம்மவர் கணக்கு அறியாதவர் என்று இதனாற் கொள்ளுதல் தவறு. மடுவத்திலே கூடையை நிறுத்தவுடன், சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதை எழுத்தறியாத பாட்டியும் மனத்திலே போட்டு வைத்திருப்பாள். பேரு விழுந்ததா, அரைப்பேரா என்பது மாதக் கடைசியிற் பிசகாது. இல்லாதிருந்தது மற்றப் பக்கத்துக் கணக்கைப் பார்க்கும் வழியே.

இன்று அந்த வழி உண்டு. 1992 இல் அரசாங்கத் தோட்டங்களின் நிருவாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் ஊரின் பெயரையே தாங்கியது. பங்குச் சந்தையிற் பதிவுபெற்ற கம்பனி எதுவும் ஆண்டுதோறும் தன் கணக்கை அச்சிட்டு வெளியிடல் வேண்டும். அதை எவரும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் எடுத்துப் பார்த்தவருக்கு வருமானக் கூற்று எது, ஐந்தொகை எது, தேய்மானம் என்று கழித்திருப்பது யாது என்பது தெரிந்திருக்க வேண்டுமே! இதைச் சொல்லித் தருவதுதான் வணிக நிருவாகப் படிப்பு. கணக்கீடு, பொருளியல், கிரயக் கணக்கீடு, புள்ளிவிபரம், வணிகச் சட்டம், சந்தைப்படுத்தல், மனிதவள முகாமைத்துவம் என்பன இதன் பாடங்கள். ஐந்தொகை என்றவுடன் இது ஏதோ ஆங்கிலத்திலிருந்து செய்த சொல் என நினைக்க வேண்டா. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தங்கள் கணக்கேடுகளில் வழங்கிய சொல் அது.

கிரயக் கணக்கீடு என்பது என்னவென்று இங்கேயே சிறிது பார்ப்போம். ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ பறிப்பதாக வைத்துக்கொண்டால் அது 4 கிலோ தேயிலையாகும். 2021 இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம், 2024 இல் 1,700 என்று வர்த்தமானியில் வந்து, வழக்குக்குள்ளாகி, அவ்வாண்டிலேயே 1,350 ரூபாவாயிற்று. அந்த 1,350 ஐ 4 ஆற் பிரித்தால் ஒரு கிலோ தேயிலைக்குப் பறிப்புக் கூலி 337 ரூபா 50 சதம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 ஆகியவற்றை இதனோடு கூட்ட வேண்டும். பசளை, விறகு, மின்சாரம், தொழிற்சாலைக் கூலி, உத்தியோகத்தர் சம்பளம், ஏலத் தரகு எல்லாம் அதன்பின் வரும். இப்படியே கூட்டிக்கொண்டு போய், அந்த வாரத்து ஏல விலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அவள் 18 கிலோவுக்குப் பதில் 24 கிலோ பறித்தால் என்னாகும்? செடி கிழடாகிக் கொழுந்து குறைந்த மலையில் 12 கிலோவே கிடைத்தால், குற்றம் கையினுடையதா, மறுநடுகை செய்யாத நிருவாகத்தினுடையதா? இவ்வினாக்களுக்கு உரத்த குரலில் விடை சொல்வோர் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். தாளில் எழுதிக் காட்டுவோர்தான் குறைவு.

ஒன்று சொல்லி வைப்போம். நாம் விரும்பும் விடையே கணக்கிலிருந்து வரும் என்று எதிர்பார்த்துப் படிக்கப் போகாதீர்கள். சில வேளை கம்பனி சொல்வது சரியென்று வரும். அதையும் ஒப்புக்கொள்ளும் நெஞ்சு உள்ளவன் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தாற்றான், மறுநாள் அவன் 'இது பிழை' என்னும்போது எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துக் கேட்பார்.

படிப்பின் பெருமையைச் சொல்லி விட்டோம். இனி அதில் உள்ள பள்ளங்களையும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் கவனமாகக் கேட்க.

முதலாவது அங்கீகாரம். விளம்பரத்தில் மேனாட்டுப் பெயரும் பட்டமளிப்பு உடையும் கண்டு பணங்கட்டுவது கூடாது. பட்டத்தை வழங்குவது எந்தச் சர்வகலாசாலை, அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்று அவ்வாணைக்குழுவையே எழுதிக் கேளுங்கள். வகுப்பு நடத்துகின்ற நிறுவனம் வேறு, பட்டந் தருகின்ற சர்வகலாசாலை வேறாக இருப்பதுண்டு. "விரைவில் அங்கீகாரங் கிடைக்கும்" என்பவரிடம், கிடைத்தபின் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கட்டணம். முதற் தவணையை மட்டும் பார்த்துச் சேர்ந்து, பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், மீள்பரீட்சைக் கட்டணம் என்று வரும்போது திகைப்போர் பலர். கற்பித்தலுக்குக் கட்டணமில்லை என்று 2009 இல் அமெரிக்காவிலே தொடங்கப்பெற்ற மக்கள் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் வாங்குகின்றது. அதில் மறைவு ஒன்றுமில்லை. கேட்டால் முன்கூட்டியே சொல்வார்கள். ஆனால் வெளிநாட்டுக்குக் கட்டுவது டொலரில் என்பதை மறவாதீர்கள். 2022 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. அன்று நடுவழியில் நின்றவர்களுக்குப் படிப்பு கசக்கவில்லை, காசுதான் எட்டவில்லை. ரூபாவிற் கட்டணம் வாங்கும் உள்நாட்டுச் சர்வகலாசாலையை முதலிற் பாருங்கள் என்று யாம் வற்புறுத்துவது இதனாலேயே.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். இப்பட்டங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடப்பன. உயர்தர வகுப்பிலே கணக்கீடும் வணிகக் கல்வியும் தமிழிற் கற்றவருக்கு முதலாண்டு கடினமாயிருக்கும். பொருளைத் தமிழிலே தெளிந்துகொண்டு அதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். உயர்தரப் புத்தகங்களை எவருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றினும் பெரிய பள்ளம் தனிமையே. எவருஞ் சேரலாம் என்று உலகமெங்கும் இணையத்திலே திறந்துவிட்ட இலவசப் பாடங்களிற் சேர்ந்தோருட் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது கண்ட உண்மை. வகுப்பிலே பக்கத்து வாங்கில் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தால் நமக்கும் எழுதத் தோன்றும். வீட்டில் அந்த வாங்கு இல்லை. அதிலும் லயத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு காம்பராவில் ஐந்தாறு பேர். பக்கத்து வீட்டு வானொலி இந்த வீட்டுக்குஞ் சேர்த்துப் பாடும். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளை நாம் அறிவோம். 2022 இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரமும் இல்லாதிருந்தது. இன்றும் பள்ளத்திலுள்ள சில லயங்களில் தொலைபேசி பேசுவதற்கே வாசலுக்கு வர வேண்டும். இந்நிலையில் ஒரு பிள்ளை மூன்றாண்டு, நான்காண்டு தொடர்ந்து படிப்பது இலேசான காரியமன்று.

பெரியோர்களிடத்தில் எமது விண்ணப்பம் இங்கேதான். மகன் படிக்கிறான் என்றால் வீடே ஓசையடங்கி இருக்கின்றது. மகள் படிக்கிறாள் என்றால், "சும்மாதானே இருக்கிறாய், தண்ணீர் பிடித்து வா" என்கின்றோம். கலாசாலைக்குப் போய்ப் படித்தால் அவள் போன நேரம் எல்லார் கண்ணுக்குந் தெரியும். வீட்டிலிருந்து படிப்பவளின் நேரம் எவர் கண்ணுக்குந் தெரிவதில்லை. மலையில் வேலை செய்துவிட்டு வந்து இரவிலே படிக்கின்ற பெண்ணுக்கு மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை வீட்டு வேலை ஒன்றும் வைப்பதில்லை என்று தாய் தந்தையர் ஒரு முடிவு செய்தால், அது எந்தப் புலமைப்பரிசிலுக்குங் குறைந்ததன்று.

சங்கத்தாரிடமும் கேட்கின்றோம். நமது மண்டபத்தின் பின்னறை கிழமை நாட்களிற் பூட்டியே கிடக்கின்றது. அதில் நான்கு மேசையும், ஒரு நல்ல விளக்கும், மாதச் சந்தாவில் ஓர் இணைய இணைப்பும் இருந்தால் பத்துப் பேர் கூடிப் படிக்கலாம். பத்துப் பேரும் ஒரே பட்டத்துக்குப் படிக்க வேண்டுமென்பதில்லை. கணக்கீட்டில் ஒருவன் இடறினால் மற்றவன் தூக்கிவிடுவான். ஹற்றனுக்குப் பரீட்சைக்குப் போகும் நாளிலும் சேர்ந்தே பஸ் ஏறலாம். விழாவுக்குப் பந்தல் போடச் செலவாவதைப் பார்க்கிலும் இதற்குக் கூடுதலாகச் செலவாகாது. பந்தல் வேண்டாமென்று யாம் சொல்லவில்லை, பொருளாளர் அவர்கள் அப்படிப் பார்க்க வேண்டா!

பின்னறைச் சாவி கிடைக்குமானால் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கே தொடங்கலாம். பட்டப்படிப்பிற் சேர்ந்தவர், சேர எண்ணுபவர், மகனையோ மகளையோ சேர்க்கலாமா என்று ஐயுறும் தாய் தந்தையர் யாவரும் வருக. ஒரு தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கையை அச்சிட்டு எடுத்து வருகின்றோம். அது ஆங்கிலத்திலே இருக்கும். அகராதி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். சம்பளச் செலவு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது என்று தேடுவதே முதற் பாடம்.