எண்ணெய் பார்த்தியா?
(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை மோட்டார் சைக்கிளில் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் அந்தப் பயணம் 2023-இல் ஆரம்பித்ததல்ல. 1986 டிசம்பரில், இதே கல்லூரியின் சைக்கிள் ஸ்டாண்டில் ஆரம்பித்தது. அங்கிருந்துதான் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் நம் ஸ்டாண்டில் சைக்கிள்தான் அதிகம். வசதியான வீட்டுப் பையனிடம் டி.வி.எஸ். 50 இருக்கும். எஸ்டி வைத்திருந்தவன் ராஜா. அப்படிப்பட்ட இடத்துக்கு என் பெரியப்பா மகனிடம் கெஞ்சிக் கூத்தாடி நான் ஒரு ராஜ்தூத் 350 கொண்டுவந்தேன். யமஹாவின் வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இலிருந்து நம் நாட்டில் செய்த வண்டி. ஆர்.டி. என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ரகத்துக்கு முப்பது குதிரைத் திறன். இன்றைய மாணவர்களுக்கு அது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு அது பறக்கும் குதிரை. விடுதி வாசலில் உதைத்து ஸ்டார்ட் செய்தால் மூன்றாவது மாடி ஜன்னல் வரை தலைகள் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது!

அரையாண்டு விடுமுறைக்கு நானும் என் அறைத்தோழனும் அதில் பெங்களூர் போனோம். போனது நன்றாகவே போனோம். திரும்பும்போது கிருஷ்ணகிரியில் டீ குடித்தோம். அவன் கேட்டான், "டேய், எண்ணெய் பார்த்தியா?"

பெட்ரோலைப் பற்றி அவன் கேட்கவில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜினுக்குள் வழவழப்புக்கான எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். ஆர்.டி.யில் அதற்குத் தனித் தொட்டி, தனி பம்ப். இன்ஜின் சுற்றும் வேகமும் ஆக்சிலேட்டரைத் திருகும் அளவும் சேர்ந்துதான் எவ்வளவு எண்ணெய் போகவேண்டும் என்று தீர்மானிக்கும். தொட்டி காலியானாலும் வண்டி ஓடும். கொஞ்ச நேரம்.

"சேலத்துல பார்த்துக்கலாம், ஏறுடா" என்றேன். இருட்டுவதற்குள் சேலம் போய்விடவேண்டும் என்று அவசரம். இருந்தது ஒரே ஒரு ஹெல்மெட். அது என் தலையில் இருந்தது.

தர்மபுரி தாண்டி சேலம் பக்கமாக வந்தால் தொப்பூர் கணவாய். நீண்ட இறக்கம். லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்கும். நான் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி, இன்ஜினின் பிடிப்பிலேயே வளைந்து வளைந்து இறங்கினேன். அது வீரம் என்று நினைப்பு. நடந்தது என்னவென்றால், இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆக்சிலேட்டர் மூடியிருப்பதால் பம்ப் கொடுப்பது மிகக் குறைவு, கொடுக்கத் தொட்டியிலும் ஒன்றுமில்லை. பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றது. அந்த நொடியில் கிளட்சை அழுத்தியிருந்தால் சக்கரம் விடுபட்டு உருண்டிருக்கும். எனக்கு அது தெரியவும் தெரியாது, தோன்றவும் இல்லை.

எனக்கு முழங்கை உராய்ந்தது. அவனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, தலையில் ஒன்பது தையல். பின்னால் வந்த லாரிக்காரர்தான் தூக்கிப்போட்டு சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக் எண்ணெய்த் தொட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். "தம்பி, சொட்டுக்கூட இல்லியே" என்றார்.

கல்லூரிக்கு வந்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்ஜின் தானா பிடிச்சுக்கிச்சு, நான் என்ன பண்ண முடியும்?" வார்டனிடம் சொன்னேன். அவனுடைய அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவன் அந்த வருடப் பரீட்சை எழுத முடியாமல் நம்மைவிட ஒரு வருடம் பின்தங்கினான். ஆனாலும் கிருஷ்ணகிரியில் தான் கேட்ட கேள்வியை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இந்தச் சங்கத்தின் கூட்டங்களுக்கு நான் ஏன் வருவதில்லை என்று செயலாளர் ஒவ்வொரு முறையும் கேட்பார். காரணம் இதுதான்.

இனி 2023. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஐம்பத்தேழு வயதில், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, 1,000 சி.சி. வண்டி ஒன்று வாங்கினேன். நான்கு சிலிண்டர், அன்றைய ஆர்.டி.யைப்போல நான்கு மடங்குக்கும் மேல் சக்தி. செப்டம்பரில் புறப்பட்டேன். நாம் என்.எச். 7 என்று சொன்ன பாதையின் பெரும்பகுதி இன்று தேசிய நெடுஞ்சாலை 44-இல் அடக்கம். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, பானிபட், ஜம்மு, ஸ்ரீநகர் என்று ஒரே எண்ணில் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காட்டில் சாலையைப் பாலமாக உயர்த்தியிருக்கிறார்கள். மேலே நாம் போகிறோம், கீழே புலியும் மானும் கடக்கின்றன. ஜம்மு தாண்டி 2017-இல் திறந்த செனானி-நஷ்ரி சுரங்கப்பாதை, ஒன்பது கிலோமீட்டர் மலைக்குள்ளேயே பயணம். வெளியே வந்தால் காற்றின் வாசனையே வேறு.

அழகைப் பற்றி நிறைய பேசலாம். தம்பி தங்கைகளுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன்.

பெரிய வண்டியில் வேகம் உடம்புக்குத் தெரியாது. 120-இல் போகும்போது 70-இல் போவதுபோல் இருக்கும். ஆனால் 120 என்றால் நொடிக்கு 33 மீட்டர். மாடு குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்கு. இயற்பியல் வகுப்பில் படித்ததுதான். 2019-இலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். நல்லதுதான். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத தூரத்தை உண்டாக்கிக் கொடுக்காது.

இந்த வண்டிகளில் முன்னால் குனிந்துதான் உட்காரவேண்டும். கையில் பாரத்தைப் போட்டால் மதியத்துக்குள் மணிக்கட்டு செத்துவிடும். முழங்காலால் டேங்கைக் கவ்வி, இடுப்பில் பாரத்தை வைக்கவேண்டும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கவேண்டும். காற்றிரைச்சலே ஆளைக் களைக்க வைக்கும், காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் சூடாகுமுன் காற்றழுத்தம் பார்க்கவேண்டும். செயினுக்கு எண்ணெய் விடவேண்டும். இருட்டியபின் ஓட்டவே கூடாது. "இன்னும் ஐம்பது கிலோமீட்டர்தானே" என்று மனசு சொல்லும் இடத்தில்தான் நிறுத்தவேண்டும். எனக்குத் தொப்பூர் அதைச் சொல்லிக்கொடுத்தது. என் கட்டணத்தை வேறொருவன் கட்டினான்.

திரும்பும் வழியில் அந்த இறக்கத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்தினேன். இப்போது அது நான்குவழிச் சாலை, ஆனால் லாரிகள் அதே முனகலோடு இறங்குகின்றன. அங்கிருந்தே அவனுக்குப் போன் செய்தேன். "டேய், அன்னிக்கு நீ எண்ணெய் பார்த்தியான்னு கேட்டே. நான் பார்க்கலே. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இப்போ பார்த்தியா?" என்று கேட்டான்.

பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அவன் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். குளிர்காலத்தில் இன்றும் அந்தக் கால் அவனுக்கு வலிக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் சொல்லவேண்டும் என்றுதான் இந்த முறை மேடை ஏற ஒப்புக்கொண்டேன். தப்பு வண்டியுடையது அல்ல, என்னுடையது.

மாணவர்களே, வண்டி வாங்குங்கள், தூரமாகப் போங்கள், நாட்டைப் பாருங்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. பின்னால் உட்காருபவனுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். அவன் ஏதாவது கேட்டால், வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.