மொழி கற்க வரும் விருந்தினர்

(கும்மிடிப்பூண்டியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நம் மொழியைக் கற்கும்பொருட்டுப் பிறநாட்டினின்றும் வருவோரை இல்லத்தில் வைத்துப் பேணுதல் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன். இது நமக்கு எட்டாத பொருளென்று எண்ணற்க. நமக்கு அணித்தேயுள்ள பழவேற்காட்டில், 1630ஆம் ஆண்டுகளில், ஆபிரகாம் ரோஜேரியஸ் என்னும் டச்சுப் பாதிரியார் வாழ்ந்தார். பத்மநாபன் என்னும் அந்தணர் அவருக்கு நம் நாட்டு வழக்கங்களையும், பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்களின் பொருளையும் போர்த்துக்கீசிய மொழியில் எடுத்துரைத்தார். அவற்றைக் கொண்டு பாதிரியார் எழுதிய நூல், அவர் மறைந்தபின், 1651இல் லெய்டன் நகரில் அச்சேறியது. எனினும் அவர்கள் பேசியது இருவர்க்கும் தாய்மொழியல்லாத மூன்றாம் மொழி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரோ சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவர் நாவில் தமிழ் ஏறிற்று.

இக்காலத்தும் இது நிகழ்கின்றது. 1961இல் தோன்றிய அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் மதுரையில் தமிழ் கற்பிக்கின்றது. அங்கு வரும் மாணவர்கள் குடும்பங்களில் தங்குவதுண்டு. காரணம் யாதெனில், வகுப்பில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று கற்றவர் தெருவில் "வந்துக்கிட்டிருக்கேன்" என்றே கேட்கின்றார். இவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் பள்ளி, குடும்பம் ஒன்றே.

மதுரையிலுள்ள என் தமக்கையார் இல்லத்தில் அத்தகைய மாணவர் ஒருவர் தங்கியிருந்தார். அவர் காய்கறிக் கடையில் "தக்காளியின் விலை யாது?" என வினவ, கடைக்காரர் நகைத்துவிட்டார். உடன் நின்ற யான் நாணினேன். யான் இருபதாண்டுகளாக வகுப்பில் புகட்டும் தமிழன்றோ அது! "தக்காளி எவ்வளவு?" என்று அவருக்குக் கற்பித்தவர் என் தமக்கையாரே.

ஒருநாள் அம்மாணவர், "அக்கா, வேலைக்கு வரும் அம்மாவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?" என்று கேட்டார். நேற்று வந்த அயல்நாட்டார்க்கு வீட்டு வெள்ளி டம்ளர். பன்னிரண்டாண்டு உழைத்த அம்மையார்க்குப் புறக்கடை மாடத்தில் ஒரு டம்ளர். தமக்கையார் விடை கூறவில்லை. பண்டிதனாகிய யானும் கூறவில்லை. மறுநாள் மாடம் வெறுமையாக இருந்தது. சாதிச் சங்கத்து மேடையில் இதனைக் கூறலாமோ என்பீர். இங்கன்றி வேறெங்குக் கூறுவேன்?

விருந்தினரை ஏற்போர் கடைப்பிடிக்க வேண்டியன சில. வெளிநாட்டார் தங்க வந்தால், 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு முறைப்படி தெரிவித்தல் வேண்டும். காய்ச்சி ஆறிய நீரும், தாழிட்டுக்கொள்ளத் தக்க தனி அறையும் தருக. பிழையாகப் பேசின் நகையாதீர். திருத்தமான வடிவை மெல்லத் திருப்பிச் சொல்லுக. நம் பிள்ளைகள் தம் ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ள அவரைப் பற்றிக்கொள்வர். அதனைத் தடுத்துத் தமிழிலேயே பேசச் செய்க. தமிழுக்காக வந்தவரை ஆங்கிலத்தோடு திருப்பி அனுப்புதல் விருந்தோம்பல் ஆகாது.

இறுதியாக ஒன்று. கடல் கடந்து வருவோர் மதுரையை நாடுவர். நம் ஊருக்கு வருபவர் அரியர். ஆனால் நம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களினின்றும் வந்தோரின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ் எழுத்துப் பயில்கின்றனர். மாலையில் தமிழ் பேசிப் பழக அவர்களுக்கு ஓர் இல்லம் இல்லை. வகுப்பில் வாய் திறவாத அப்பிள்ளைகளை யான் நாடோறும் காண்கின்றேன். நாளொன்றுக்கு ஒருமணி நேரம், ஒரு பிள்ளையை நம் கூடத்தில் அமர்த்தி, நம் பிள்ளைகளுக்கு அளிக்கும் அதே டம்ளரில் பாலளித்துப் பேசுவோமாக. திண்ணையோடு நிறுத்திவிடாதீர் என்பதே என் வேண்டுகோள்.