கொடையும் உரிமையும்



பெங்களூர் அடுகோடியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், பல சமயத்துப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். வீட்டில் கேட்டறியாத வழிபாட்டுப் பாடலைப் பள்ளியில் கேட்ட சிறுவன், மாலையில் வந்து, "அம்மா, நானும் அதைப் பாடத்தான் வேண்டுமா?" என்று வினவக்கூடும். வினா சிறிது, விடையோ பல நூற்றாண்டுகளின் உழைப்பால் கிடைத்தது.

சென்ற நாடுகளிலெல்லாம் சிறுபான்மையினராகவே வாழ்ந்த யூதரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவரான யோசேப்பு ரப்பானுக்கு 72 சிறப்புரிமைகளை வழங்கி, வட்டெழுத்தில் செப்பேடு பொறித்தளித்தான். 1568-இல் மட்டாஞ்சேரியில் எழுந்த யூதர் தொழுகைக்கூடம், அரண்மனைக் கோயிலுக்கு அண்டை வீடுபோல் இன்றும் நிற்கிறது.

பெருமைக்குரிய செய்திதான். எனினும் மன்னன் தந்தது கொடை; கொடுப்பவர் மனம் மாறினால் கொடையும் மாறும். 1654-இல், பிரேசிலிலிருந்து குழந்தைகளோடு அகதிகளாய் நியூ ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கிய 23 யூதரை வெளியேற்ற ஆளுநர் ஸ்டைவெசன்ட் முயன்றார். அவர்கள் தங்கலாம் என்று 1655-இல் டச்சு வணிகக் கம்பெனி இசைந்தது. தம் ஏழைகளைத் தாமே காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இசைந்தது. அந்நகரே பின்னாளில் நியூயார்க் ஆயிற்று.

1790-இல் ஜார்ஜ் வாஷிங்டன், நியூபோர்ட் நகர யூதருக்கு விடுத்த மறுமொழியில், சமயச் சுதந்திரம் என்பது ஒரு சாரார் மற்றவருக்குக் காட்டும் சலுகையன்று, மனிதனின் இயல்பான உரிமை என்ற கருத்தை விளக்கினார். சொல் எழுந்தவுடன் செயல் முழுமை பெற்றுவிடவில்லை. மேரிலாந்தில் யூதர் அரசுப் பதவி ஏற்பதற்கிருந்த தடை 1826-இல்தான் நீங்கியது.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் மற்றொரு முகத்தைக் காணலாம். 1881-இல் கல்கத்தா யூதர், தம் பெண் குழந்தைகள் தம் சமயநெறி வழுவாது கற்க வேண்டும் என்று யூதப் பெண்கள் பள்ளியை நிறுவினர். காலப்போக்கில் யூதக் குடும்பங்கள் பலவும் வெளிநாடு சென்றன, பள்ளி மூடப்படவில்லை. பிற சமயத்தாருக்கும் கதவு திறந்தது. பிற்காலத்தில் அங்கு பயின்ற மாணவியருள் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர். தம் பிள்ளைகளின் நம்பிக்கையைக் காக்கத் தோன்றிய பள்ளி, பிறர் பிள்ளைகளின் நம்பிக்கையையும் மதிக்கக் கற்றது. எத்துணை உயர்ந்த பாடம்!

இனி நம் சிறுவனின் வினாவுக்கு வருவோம். நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு விடை கூறுகிறது. முற்றிலும் அரசு நிதியால் நடைபெறும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பாதுகாவலரின் இசைவின்றி எந்தச் சிறுவரையும் சமயப் போதனைக்கோ வழிபாட்டிற்கோ உட்படுத்தலாகாது. ஆகவே, பள்ளி தரும் தாளில் கையொப்பமிடுமுன் அதனைப் படித்தறிவது பெற்றோரின் கடமை.

மொழிச் சிறுபான்மையரான நமக்கு, தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி வேண்டுமென 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவும் துணை நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் வேண்டும் மதிப்பை, அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் நாமே முதலில் அளிப்போமாக. உரிமை என்பது பகிரப் பகிர வளர்வது.