ஒரு நட்சத்திரக் குறியும் இருபத்தாறு கோப்புகளும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "ஓசூர்ல இருக்கே, உன் வேலையிலேர்ந்து ஏதாவது பேசுப்பா. பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். வெற்றிக் கதை சொல்ல எனக்கு முன்னால் மூன்று பேர் பேசிவிட்டார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

ஓசூரை உங்களில் பலருக்குத் தெரியும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி, பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். தப்பு அவர்களுடையது அல்ல, என்னுடையது.

எங்கள் சி.என்.சி. இயந்திரங்களுக்கான புரோகிராம்கள், ஃபர்னஸுக்கான வெப்பக் கணக்குகள் எல்லாமே கணினிக் கோப்புகள். யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்று தெரிய வேண்டுமே? அதற்கு 'கிட்' என்ற மென்பொருளை வைத்திருக்கிறோம். லினக்ஸைத் தந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. கம்ப்யூட்டர் துறை அல்லாதவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால், அது கோப்புகளுக்கான பேரேடு. மளிகைக் கடை லெட்ஜர் மாதிரி எந்தத் திருத்தமும் அடியோடு அழியாது. பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆனால் எல்லாக் கோப்பும் பேரேட்டில் ஏறத் தகுந்தது இல்லை. எடிட்டர் உண்டாக்கும் தற்காலிகக் கோப்பு, இயந்திரம் கக்கும் லாக் எல்லாம் குப்பை. இவற்றைச் சேர்க்காதே என்று 'கிட் இக்னோர்' என்ற ஒரு பட்டியலில் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு பெயராக எழுத முடியாது என்பதால் வார்ப்பாக எழுதுவோம். நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள்.

நான் எழுதிய வரி: டி, இ, எம், பி என்ற நான்கு ஆங்கில எழுத்து, பின்னால் ஒரு நட்சத்திரம். 'டெம்ப்' என்று தொடங்கும் தற்காலிகக் கோப்பெல்லாம் ஒழியட்டும் என்று எண்ணம். அரை நிமிட வேலை.

மெக்கானிக்கல் நண்பர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். ஆமாம். உருக்கைக் கடினப்படுத்திய பிறகு அதன் நொறுங்கும் தன்மையைக் குறைக்க மிதமாகச் சூடாக்குகிறோமே, அதன் பெயர் என்ன? டெம்பரிங்! சில வாரம் கழித்து, பாகவாரியான வெப்பநிலை, நேரக் கணக்கெல்லாம் வைக்க ஒரு புது ஃபோல்டர் திறந்தோம். அதற்கு நானே 'டெம்பரிங்' என்று பெயர் வைத்தேன். அதே நான்கு எழுத்து.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதையே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். 'டெம்ப்' என்பதில் கடைசி எழுத்து புள்ளி வைத்த ப். 'டெம்பரிங்'கில் இருப்பது புள்ளியில்லாத ப. கணினிக்குள் அந்தப் புள்ளிக்குத் தனிக் குறியீடு உண்டு. ஆகவே பொருந்தாது. தொல்காப்பியர் வைத்த புள்ளி என் வேலையைக் காப்பாற்றியிருக்கும்!

பதினோரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. காரணம் உண்டு. மொத்தமாகச் சேர் என்று கட்டளை கொடுத்தால், புறக்கணிக்கச் சொன்னதை கிட் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். நிலவரம் கேட்டால் 'சேர்க்க எதுவும் இல்லை, எல்லாம் சுத்தம்' என்று சொல்லும். இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. எங்களிடம் 'டெம்ப்ளேட்' என்று ஒரு பழைய ஃபோல்டர் இருந்தது. அதுவும் வார்ப்பில் மாட்டுகிற பெயர்தான். ஆனால் ஏற்கெனவே பேரேட்டில் ஏறிவிட்ட கோப்பை இந்தப் பட்டியல் தொடாது. அது ஒழுங்காக இருந்ததால் எல்லாமே ஒழுங்காக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. டிஸ்கில் இடமில்லை. புறக்கணித்த கோப்புகளை மட்டும் அழிக்க கிட்டில் 'கிளீன்' என்ற கட்டளை இருக்கிறது. அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் ஒத்திகை வசதியும் அதில் உண்டு. ஒத்திகை பார்க்கவில்லை. பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை ஃபர்னஸ் ஆபரேட்டர் வந்து, "சார், டெம்பரிங் ஃபோல்டரே காணோமே" என்றார். 26 கோப்புகள். பேரேட்டில் ஏறாததால் புரட்டிப் பார்க்கப் பழைய பக்கமும் இல்லை. இது தாளில் போன கணக்கு மட்டும் அல்ல. டெம்பரிங் தவறினால் பாகம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வண்டியில் போய்த்தான் உடையும்.

காப்பாற்றியவர் அதே ஆபரேட்டர். வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், ஃபோர்மேனோடு கன்னடம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார், நம்ம நோட்டுல கொஞ்சம் எழுதி வெச்சிருக்கேன்" என்று எண்ணெய்க் கறை படிந்த ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். அதிலிருந்து 23 கிடைத்தது. மீதி மூன்றுக்கு மறுபடி சோதனை ஓட்டி, ராக்வெல் கடினத்தன்மை பார்த்து எழுத இரண்டு வாரம் ஆயிற்று. "அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றேன். "ஒரு புது நோட்டு வாங்கிக் குடுங்க சார்" என்றார்.

அதன் பிறகுதான் விதிகளை ஒழுங்காகப் படித்தேன். சாய்கோடு இல்லாத வார்ப்பு எந்த ஆழத்தில் இருக்கும் கோப்பையும் ஃபோல்டரையும் பிடிக்கும். முன்னாலோ நடுவிலோ சாய்கோடு வந்தால், பட்டியல் இருக்கும் இடத்திலிருந்து மட்டும் கணக்கு. கடைசியில் சாய்கோடு என்றால் ஃபோல்டரை மட்டும். ஒரு கோப்புக்கு இரண்டு வரி பொருந்தினால் பின்னால் வரும் வரியே செல்லும். ஆச்சரியக்குறி போட்டால் விலக்கு.

இந்த விலக்கில்தான் எனக்கு இரண்டாவது அடி. நட்சத்திர வரியை எடுக்க மனமில்லாமல், டெம்பரிங்குக்குள் இருக்கும் கோப்புகளுக்கு மட்டும் ஆச்சரியக்குறி போட்டேன். வேலை செய்யவில்லை. 2020-ல் அத்திப்பள்ளி எல்லையில் இ-பாஸ் கேட்டு நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? ஜூஜுவாடியிலேயே ரோட்டை அடைத்துவிட்டால், மூக்கண்டப்பள்ளி ஸ்டாப்பில் இறங்கலாம் என்று ஒருவருக்கு அனுமதி கொடுத்து என்ன பயன்? மேல் ஃபோல்டர் விலக்கப்பட்டால் கிட் உள்ளே எட்டியே பார்க்காது. முதலில் ஃபோல்டரைத் திறக்க வேண்டும்.

இந்த வார்ப்புப் பொருத்தும் நிரல் ஒன்றும் புதிதல்ல. அதன் மூலம் ரிச் சால்ஸ் என்பவர் 1986-ல் எழுதிய 'வைல்ட்மேட்'. அது ஆர்சிங்க் வழியாக கிட்டுக்கு வந்தது. எந்த ஆழத்தையும் குறிக்கும் இரட்டை நட்சத்திரம் 2013-ல் வந்த 1.8.2 பதிப்பில் சேர்ந்தது. அதே பதிப்பில்தான் 'செக் இக்னோர்' என்ற கட்டளையும் வந்தது. ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், எந்தப் பட்டியலில் எத்தனையாவது வரி அதைப் பிடித்தது என்று காட்டும். என் பதினோரு வாரத்தில் எந்த நாளும் அதைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறோம். கட்டாயம் இருக்க வேண்டிய பாதைகள் ஒரு பக்கம், கட்டாயம் போக வேண்டியவை மறுபக்கம். யார் பட்டியலைத் திருத்தினாலும், பேரேட்டில் ஏறும் முன் ஒரு சிறு நிரல் இரண்டு பக்கத்தையும் கேட்டுப் பார்க்கும். ஒன்று மாறினாலும் நிறுத்திவிடும். ஏற்கெனவே ஏறிய கோப்புகளைச் சாதாரணமாக இந்தக் கட்டளை சொல்லாது என்பதால், 'நோ இண்டெக்ஸ்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் போயிற்று.

பெயர்களையும் சோதிக்கிறோம். ஒரு பையன் லினக்ஸ் லேப்டாப்பில் கனெக்டிங் ராடுக்கு 'கான்' என்று மூன்றெழுத்தில் ஃபோல்டர் போட்டான். அது டாஸ் காலத்திலிருந்து விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் பெயர். ஷாப்பில் இருந்த எந்தக் கணினியிலும் அதை இறக்க முடியவில்லை. தமிழ்ப் பெயரிலும் ஒரு சங்கதி உண்டு. 'சோதனை' என்பதில் சோ-வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கோப்பு முறை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு பெயர். கிட்டில் இதற்கென்றே 2012-ல் ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள்.

நமக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2014 டிசம்பரில் கிட்டிலேயே ஓர் ஓட்டை வெளிவந்தது. கிட் தன் சொந்தக் கணக்கை வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயரை யாராவது பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினால், வேறு பெயர் என்று விட்டுவிடும். ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும் இரண்டும் ஒன்றே. அதன் வழியே அடுத்தவர் கணினியில் கட்டளை ஓட்ட முடிந்தது. 2.2.1 பதிப்பில் அடைத்தார்கள். உலகத்திலேயே கெட்டிக்காரர்கள் எழுதிய மென்பொருள் அது.

மணி அடித்துவிட்டார்கள். கடைசி ஆண்டு மாணவர்கள் யாராவது சிப்காட்டில் பயிற்சிக்கு வருவதானால் என்னிடம் சொல்லுங்கள். அந்த ஆபரேட்டர் இன்னும் அதே ஃபர்னஸில்தான் இருக்கிறார், அவரிடம் அழைத்துப் போகிறேன். புது நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஐந்து நோட்டு.