தெரு இருட்டு, படம் வெளிச்சம்: செல்போன் கேமரா எங்கே போகிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செல்போன் கேமராவின் எதிர்காலம்" என்று செயலாளர் தலைப்பு கொடுத்துவிட்டார். எதிர்காலம் சொல்ல நான் ஜோசியன் இல்லை. 25 வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்தி, செல்போன் வந்ததால் கடையை மூடியவன். என்னைத் தோற்கடித்தவனைப் பற்றி என்னையே பேசச் சொல்கிறார். பரவாயில்லை, பேசுகிறேன்.

முதலில் நம் தெரு விளக்கு கதை. போன மழைக்காலத்தில் நம் வாசலில் இரண்டு கம்பத்து விளக்கு எரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. "நம்ம சென்னை" செயலியில் புகார் போடலாம் என்று மூன்றாவது மாடி அம்மா வாசலில் நின்று படம் எடுத்து, முதலில் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உடனே ஒருவர், "விளக்கு எரியலைங்கறீங்க, தெரு பளிச்சுனு இருக்கே?" என்று கேட்டார். இன்னொருவர், "பழைய படமா மேடம்?" என்றார். அந்த அம்மா பதிலே போடவில்லை. ஒரு நிமிடமாவது அவர் சொன்னதை நாம் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை. வெளிச்சம் போட்டது அவருடைய போன்.

அது எப்படி நடக்கிறது? போனில் வெளிச்சத்தை வாங்கும் சென்சார் சில்லு ஒரு நகத்தின் அளவுதான். இருட்டில் அதற்குக் கிடைக்கும் வெளிச்சம் மிகக் கொஞ்சம். அதனால் நைட் மோடில் நீங்கள் ஒரு தடவை தொட்டால், போன் அடுத்தடுத்து பல படங்கள் எடுக்கிறது. கை ஆடியதைச் சரி செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறது. பொரிப் பொரியாகத் தெரியும் புள்ளிகளைத் துடைக்கிறது. கறுப்பான இடங்களை வெளிச்சமாக்குகிறது. இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடும். நம் கண்ணுக்கு இருட்டாக இருந்த தெரு, படத்தில் சாயங்காலம் ஆறு மணி போல இருக்கும். பல போன்களில் இருட்டைப் பார்த்ததும் இது தானாகவே வேலை செய்யும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தொழிலிலும் இது உண்டு. டச்சிங் என்போம். நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் மெல்லத் தேய்த்தால், பிரிண்ட்டில் அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே கருவளையம் போகும். வரன் பார்க்க அனுப்பும் படம் என்றால் பெண்ணின் அம்மாவே வந்து, "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க தம்பி" என்பார்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அன்று கேட்டவர்களுக்குத்தான் டச்சிங் செய்தோம். பாஸ்போர்ட் படத்தில் முகத்தை மாற்ற மாட்டோம். விபத்து நடந்த இடத்தைப் படம் எடுக்கக் கூப்பிட்டால் பென்சிலைத் தொடவே மாட்டோம். எந்தப் படம் எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். போனுக்கு அது தெரியாது. கல்யாண வீடும் ஒன்றுதான், எரியாத தெரு விளக்கும் ஒன்றுதான். எல்லாவற்றையும் அழகாக்கிக் கொடுக்கிறது.

இது எவ்வளவு வேகமாக வந்தது என்று பாருங்கள். 1975-ல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். கறுப்பு வெள்ளையில் வெறும் 10,000 புள்ளிப் படம். அதை கேசட்டில் பதிய 23 நொடி ஆனது. 2000-ல் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கேமரா வைத்த செல்போன் விற்றது. அதில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் புள்ளி. 2002-ல் நோக்கியா 7650 வந்தது. உலகம் முழுக்க டிஜிட்டல் கேமரா விற்பனை உச்சத்தில் இருந்தது 2010-ல். அந்த ஒரு வருடத்தில் 12 கோடிக்கும் மேல். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. நடுவில், 2012 ஜனவரியில், கோடாக் திவால் மனு கொடுத்தது. அவ்வளவு பெரிய கோடாக்கே போனபோது என் கடை எம்மாத்திரம்!

போன் வாங்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ரிச்சி தெரு நமக்கு நடந்து போகும் தூரம். கடைக்காரர் "200 மெகாபிக்சல் சார்" என்றால் மயங்கிவிடாதீர்கள். அந்தப் போன் சாதாரணமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, பன்னிரண்டரை மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. புள்ளிக் கணக்குப் போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி போட்டியெல்லாம் உள்ளே ஓடும் கணக்கில்தான்.

அடுத்து, இந்தத் தொழிலில் நம் ஊரின் இடம் என்ன? இதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று மத்திய அரசு ஆலை இருந்தது. 1960-ல் நிறுவனம் தொடங்கி, 1967-ல் உற்பத்தி ஆரம்பமானது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் வந்தன. என் இருட்டறையில் அந்தப் பேப்பர் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். கலர் வந்தது, வெளிநாட்டு பிலிம் தாராளமாக வந்தது, ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1990-களிலேயே நலிந்துபோனது. மீதியை டிஜிட்டல் பார்த்துக்கொண்டது. ஆலை மூடிவிட்டது.

அடுத்து ஸ்ரீபெரும்புதூர். 2006-ல் நோக்கியா ஆலை வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். அங்கிருந்து கோடிக்கணக்கில் போன்கள் உலகத்துக்குப் போயின. ஸ்மார்ட்போன் காலத்துக்கு நோக்கியா வேகமாக மாறவில்லை. செல்போன் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரிப் பிரச்சினையில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. எட்டே வருடம்!

இன்று அதே ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. 2022-ல் ஐபோன் 14 உலகச் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே இங்கும் உற்பத்தி தொடங்கியது. 2024-ல் விலை உயர்ந்த புரோ வகையும் வந்தது. பெருமைதான். ஆனால் அந்தப் போனைத் திருப்பிக் கேமராவைப் பாருங்கள். சென்சார் பெரும்பாலும் ஜப்பானின் சோனி செய்வது. லென்ஸ் என்றால் தைவானின் லார்கன், சீனாவின் சன்னி ஆப்டிகல் போன்றவர்கள். படத்தைச் சரிசெய்யும் கணக்கு கலிபோர்னியாவில் எழுதப்படுகிறது. உடம்பைக் கோர்ப்பது நாம். கண்ணும் மூளையும் வெளியிலிருந்து வருகின்றன.

கோர்க்கும் வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதில் சாப்பிடுகின்றன. ஆனால் கோர்க்கும் வேலை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சீக்கிரம் போய்விடும் என்பதை 2014-ல் நாமே பார்த்தோம். செய்முறை தெரிந்த வேலை அவ்வளவு சுலபமாக நகராது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை மின்னணு உதிரிபாக உற்பத்திக்கு 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கேமரா மாட்யூலும் அதில் உண்டு. அக்டோபரில் ஒப்புதல் பெற்ற முதல் 7 திட்டங்களில் 5 தமிழ்நாட்டுக்கு வந்தன. நம் குடியிருப்பில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒளியியல், சென்சார் வடிவமைப்பு, படத்தைக் கணக்காக்கும் மென்பொருள், இவற்றின் பக்கம் பாருங்கள். மாமாவின் தொழில் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இருட்டறையிலிருந்து சில்லுக்குள் குடிபோயிருக்கிறது.

இந்தக் கணக்கால் வரும் நன்மைக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கோபாலபுரத்தில் டாக்டர் மோகன் சர்க்கரை நோய் மருத்துவமனை உங்களில் பலருக்குத் தெரியும். சர்க்கரையால் விழித்திரை கெடுகிறதா என்று பார்க்க, செல்போனை இணைத்த சிறு கருவியில் கண்ணைப் படம் எடுத்து அங்கே சோதித்தார்கள். 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2018-ல் வெளியான ஆய்வில், சுமார் 300 நோயாளிகளின் அத்தகைய படங்களைக் கணினியே பார்த்துச் சொல்லும்படி செய்தார்கள். பாதிப்பு இருந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அது சரியாகக் கண்டுபிடித்தது. பெரிய கருவி போக முடியாத கிராமத்துக்கும் இப்படி ஒரு போன் போக முடியும். கேமரா போனின் எதிர்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

மற்றப் பக்கம் நிலா. 2023 மார்ச்சில் ஒருவர் இணையத்தில் ஒரு சோதனை போட்டார். நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, தூரத்திலிருந்து சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளமும் மேடும் போன் எடுத்த படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு நுணுக்கங்களைக் கூட்டுகிறோம் என்று நிறுவனமே விளக்கம் தந்தது. நிலாவில் கூடுதலாக ஒரு பள்ளம் விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நம் வீட்டுச் சுவரின் விரிசலை, வண்டியில் விழுந்த கீறலை, ஒரு மனிதரின் முகத்தை இப்படித் திருத்தினால்? படத்திலிருந்து ஆளையே விரலால் தேய்த்து எடுக்கும் வசதி இன்று சாதாரணப் போனிலும் வந்துவிட்டது.

"படமே இருக்கு, வேற என்ன சாட்சி வேணும்?" என்று நாம் பேசிய காலம் முடிகிறது. இதற்கு மாற்றும் வந்துகொண்டிருக்கிறது. படம் எப்போது, எந்தக் கருவியில் எடுத்தது, பிறகு என்ன மாற்றினார்கள் என்ற விவரத்தைப் படத்தோடு முத்திரையாகச் சேர்க்க, 2021-ல் பெரிய நிறுவனங்கள் கூடி ஒரு பொது முறை வகுக்க ஆரம்பித்தன. 2023-ல் லைக்கா கேமரா ஒன்றில் அது வந்தது. 2025-ல் கூகுளின் பிக்சல் 10 போனில் வந்தது. நம் சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது கூடவே சான்றிதழ் வேண்டும். அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும். நான் வக்கீல் இல்லை. தேவைப்பட்டால் வக்கீலைக் கேளுங்கள். ஆனால் அசல் கோப்பு கையில் இல்லையென்றால் வக்கீலுக்கும் கஷ்டம்தான்.

அதனால் நம் குடியிருப்புக்கு நான்கு விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, நீர்க்கசிவு, தெரு விளக்கு, குப்பை என்று சங்க வேலைக்குப் படம் எடுக்கும்போது நைட் மோடையும் அழகாக்கும் வசதிகளையும் அணைத்துவிடுங்கள். கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று இடம் தெரியும்படி ஒன்று, இரண்டு படம் எடுங்கள்.

இரண்டு, அசலை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். முக்கியமான படத்தை "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்பினால் அசல் அப்படியே போகும்.

மூன்று, திருத்திய படம் என்றால் திருத்தியது என்று ஒரு வரி போடுங்கள். யார் என்றே தெரியாமல் வரும் படத்தை வைத்து பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படாதீர்கள்.

நான்கு, வருடத்துக்குப் பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் நனைந்த கல்யாண ஆல்பங்களைக் கொண்டுவந்தார்கள். ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரித்தால் முகம் உரிந்து வரும். அப்போது நான் சொன்னது, "ஒரு காப்பி கம்ப்யூட்டர்லயும் வையுங்க." இப்போது தொலைந்த போனோடு வருகிறவர்களிடம் சொல்வது, "ஒரு காப்பி பேப்பர்லயும் வையுங்க." இரண்டும் வேண்டும்.

தெரு விளக்கு கதையை முடிக்கவில்லையே. மறுநாள் ராத்திரி மூன்றாவது மாடி அம்மாவோடு நானும் வாசலுக்குப் போனேன். அவருடைய போனில் நைட் மோடை அணைத்தோம். கம்பமும் எரியாத விளக்கும் தெரிகிற மாதிரி நின்று எடுத்தார். படம் முக்கால்வாசி கறுப்பு. தூரத்தில் ஒரு கடையின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. "என்ன சார், ஒண்ணுமே தெரியலையே?" என்றார்.

"இதுதாங்க நல்ல படம்" என்றேன். 25 வருடம் வெளிச்சத்தை விற்றுப் பிழைத்தவன், கறுப்பாக வந்த படத்தைப் பார்த்து அப்படிச் சொன்னது அன்றுதான். அந்தப் படத்தோடுதான் புகார் போனது. குழுவிலும் போட்டோம். அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

கீழே காபி தயாராக இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.