பஞ்சநிதிப் பாட்டும் பாப் டைலனும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

எத்தியோப்பிய நாட்டிற் பஞ்சம் மிக்கு மாந்தர் மடிந்தகாலை, அவர்க்குப் பொருள் திரட்டும்பொருட்டு, 1985 ஜனவரி 28 இரவு, அமெரிக்காவில் ஹாலிவுட் நகரத்து ஏ அண்ட் எம் ஒலிப்பதிவு நிலையத்தில் நாற்பதின்மர்க்கு மேற்பட்ட பாடகர் குழுமினர். பாட்டை இயற்றினோர் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும். இசையை நெறிப்படுத்திய குயின்சி ஜோன்ஸ், செருக்கை வெளியே விட்டு வருக என்னும் கருத்தமைந்த அறிவிப்பொன்றை ஆங்கு வைத்திருந்தார். நம் கூட்டங்கட்கும் அஃதொன்று வேண்டும்!

வந்தோருள் பாப் டைலன் ஒருவர். அப்போது அகவை 43. தாமே கட்டித் தாமே பாடிப் பெரும்புகழ் எய்தியவர். ஆயினும், பிறர் இயற்றிய பாட்டில் தமக்குரிய சில அடிகளைப் பாடும் முறை வந்தபொழுது அவர்க்குக் குரல் எழவில்லை. வளமார்ந்த குரலினர் பலர் சூழ நின்றனர் அன்றோ! வகுப்பில் வாய் திறக்கக் கூசும் மாணாக்கரை யாம் அறிவோம். ஏனையோரை விளையாட அனுப்பிவிட்டால் அவர் படிப்பர். அங்கும் அவ்வாறே பிறரை வெளியே அனுப்பினர். கண்பார்வையற்ற ஸ்டீவி வொண்டர் பியானோவின்முன் அமர்ந்து, டைலனது குரலைப் போன்றே அவ்வடிகளைப் பாடிக் காட்டினார். பிறர் குரலைப் போலிப்பது பெரும்பாலும் ஏளனத்திற்கே. இங்கு அது துணையாயிற்று. டைலன் பாடினார். நன்றாக வந்ததோ என்று ஐயுற்ற அவரைக் குயின்சி தழுவிக்கொண்டார்.

1985 மார்ச்சு 7-இல் வெளிவந்த இசைத்தட்டில் அவ்வடிகள் உள்ளன. அப்பாட்டால் திரண்ட நிதி 6 கோடி டாலருக்கு மேற்பட்டது.