ஸ்பானிஷ்: திரையில் பார்த்த மொழி

1494-ஆம் ஆண்டு ஸ்பெயினும் போர்ச்சுகலும் தோர்தெசில்லாஸ் என்ற ஊரில் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. அட்லாண்டிக் கடலின் குறுக்கே வடக்குத் தெற்காக ஒரு கற்பனைக் கோடு. மேற்கே கிடைக்கும் புது நிலமெல்லாம் ஸ்பெயினுக்கு, கிழக்கே கிடைப்பது போர்ச்சுகலுக்கு. அங்கெல்லாம் குடியிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கே ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்துவிட்டார். மேசையும் சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீசியச் சொற்களாக நம் வீட்டுக்குள் புகுந்ததும், ஸ்பானிஷ் நமக்கு எட்டாமல் நின்றதும் இப்படித்தான்.

ஆனாலும் இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்த ஒருவர் நம் கரைக்கு வந்தார். கோட்டாறு பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும்: புனித சவேரியார். போர்ச்சுகல் மன்னரின் ஆதரவோடு 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். 1544-இன் கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்பானிஷ் பெருகியது. இன்று சுமார் 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை, ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினி உட்பட, 20 நாடுகளில் ஆட்சிமொழி. அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ்தான். ஆனால் இந்தப் பெருக்கத்தில் நசுங்கிப்போன மொழிகளை விட்டுவிட்டுக் கணக்குச் சொல்வது நியாயமில்லை. 2022-இல் நம் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் முதல் பரிசான சுவர்ண சகோரம் வாங்கிய பொலிவியப் படம் 'உத்தாமா'வைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மழை பொய்த்த மேட்டுநிலத்தில் லாமா மேய்க்கும் கிழவரும் அவர் மனைவியும் பேசிக்கொள்வது கெச்சுவா மொழி. நகரத்திலிருந்து வரும் பேரனுக்கோ ஸ்பானிஷ். மூன்று பேர் இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்குள்ளேயே ஐந்நூறு வருஷச் சரித்திரம் நடந்துகொண்டிருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு ஸ்பானிஷ் வந்தது கப்பலில் அல்ல, படச்சுருளில் என்பேன். 2010, 2011 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து கொலம்பியப் படங்களுக்கே இங்குள்ள திரைப்பட விழாவில் முதல் பரிசு. இயக்குநர்கள் கார்லோஸ் சவுராவும் ஃபெர்னாந்தோ சொலானாஸும் இந்த விழாவின் வாழ்நாள் சாதனை விருதைப் பெற்றவர்கள். திருவனந்தபுரத்தில் பல்லாண்டுகள் இருந்து எழுதிய கவிஞர் சுகுமாரன், ஸ்பானிஷில் எழுதிய நெரூதாவின் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் சரி, நாம் படித்தது பெரும்பாலும் ஆங்கிலம் வழி, பார்த்தது திரையின் அடியில் ஓடும் எழுத்து வழி. மொழியை இன்னும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கேட்டால் அதிகம் மிரட்டாது. எழுதியபடியே வாசிக்கலாம், ஆங்கிலத்தின் எழுத்துத் தொல்லை கிடையாது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டாம், வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை அதிரவிட்டு 'பெறோ' என்றால் நாய். கரியையும் கறியையும் இன்றும் பேச்சில் பிரித்துச் சொல்லும் நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இது ஒரு பாடமே இல்லை. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது: உயிரில்லாப் பொருளுக்கும் அங்கே பால் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டுப் பயனில்லை, நெட்டுருப் போட வேண்டியதுதான்.

அடுத்த முறை ஒரு ஸ்பானிஷ் படம் பார்க்க நேர்ந்தால், முதல் பத்து நிமிடம் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் பார்க்காதீர்கள். வினைச்சொற்களின் முடிவை மட்டும் கவனியுங்கள். கதை கொஞ்சம் பிடிபடாமல் போகும், போகட்டும். யார் யாரிடம் பேசுகிறார் என்பது காதுக்கே தெரிய ஆரம்பித்துவிடும்.